கல் பொறுக்கிய நிலம்

துப்பாக்கி சுடுகிற இடத்துக்குத் தரை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு என்ன தெரியும், நான் டீக்கடைக்காரன். ஆனால் போன வைகாசி முழுக்க என் கடையில் வேறு பேச்சே கிடையாது. சரள் போடலாமா, செம்மண் அடிக்கலாமா, புல் வைக்கலாமா என்று, துப்பாக்கியைச் சினிமாவில் தவிர வேறெங்கும் பார்த்திராத ஆட்களெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். ஆமவடையைத் தின்றுகொண்டு தீர்ப்புச் சொல்வதில் எங்கள் ஊர்க்காரனை மிஞ்ச முடியாது. ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் முத்துமாலை. அந்த மண் வேலையை எடுத்தவனே அவன்தான்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து மலையைப் பார்த்து வருகிற ரோடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு பொத்தை, மரம் மட்டை இல்லாத ஒற்றைப் பாறைக் குன்று. பொத்தைக்கும் ஓடைக்கும் நடுவே முள் அடர்ந்த உடைமரம் மண்டிக்கிடந்த தரிசைப் பாளையங்கோட்டை ரைபிள் கிளப்காரர்கள் வந்து பார்த்தார்கள். பின்னால் பொத்தை இருக்கிறது, சுற்றி வீடு இல்லை, பாறைக்கு முன்னால் பெரிதாக ஒரு மண்கரை எழுப்பிவிட்டால் குண்டு வெளியே போகாது என்று சொல்லி வாங்கிப் போட்டார்கள்.

அந்தத் தரிசில்தான் முன்பெல்லாம் ஊரில் பிறந்து தங்காத பிள்ளைகளைப் புதைப்பார்கள். பெரியவர்களுக்குச் சுடுகாடு உண்டு. பச்சைப்பிள்ளை என்றால் ஓடைக்கரையில் குழிவெட்டி வைத்து, நாய் நரி தோண்டாமல் மேலே ஒரு கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஆண்கள் மட்டும் போவார்கள். தாய்க்கு இடத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்து வயிற்றில் ஒன்று தங்காது என்பது ஊர்க்கட்டு. எங்கள் முஸ்லிம் ஆட்களிலும் பெண்கள் மையவாடிக்கு, அடக்கம் செய்கிற இடத்துக்கு, வருவதில்லை. ஆனால் இடம் எது என்று கேட்டால் சொல்லிவிடுவோம். இங்கே அதுவும் கிடையாது. இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில் ஆகிவிட்டது, பிள்ளைகள் அப்படிப் போவதும் குறைந்துவிட்டது, ஊர் அந்தத் தரிசை மறந்தேவிட்டது.

முத்துமாலை மறக்கவில்லை. அவனுக்கும் மாரிக்கண்ணுக்கும் பிறந்த ஒரே பிள்ளை, ஆண்பிள்ளை, அங்கே கிடக்கிறது. பேர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அன்று ஐப்பசி மழை. முத்துமாலை, மாரிக்கண்ணுவின் தம்பி, நான், மூன்று பேர் போனோம். நான் குடை பிடித்தேன். கொட்டுகிற மழையில் ஓடைக்கரையில் போய்க் கல் தேட முடியாது என்று, வீட்டு வாசலில் கிடந்த உடைந்த அம்மித் துண்டை முத்துமாலை தோளில் தூக்கிக்கொண்டான். மாரிக்கண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த அம்மி அது. வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டாகப் போயிற்று. உடைந்த அம்மி வீட்டுக்குள் ஆகாது என்று வெளியே போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் அம்பாசமுத்திரத்துக் கல்தச்சன் ஒரு பூக் கொத்தியிருந்தான். அந்தப் பூ மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுவிட்டு முத்துமாலை நடந்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

கிளப் செயலாளர் காந்திமதிநாதன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசன், டீ குடித்தால் டம்ளரைத் தானே கழுவி வைப்பார். அன்று தரிசில் நின்று அவர்கள் பேசும்போது நான் கேனோடு பக்கத்தில்தான் நின்றேன்.

“சரள் ஆகாது முத்துமாலை. கல்லுல குண்டு பட்டா எந்தப் பக்கம் துள்ளும்னு சொல்ல முடியாது. சிமெண்டுத் தரையும் அப்படித்தான். மண்ணுதான் குண்டை உள்ள வாங்கிக்கிடும். இந்தத் தரிசு பூரா கல்லாக் கெடக்கு. அதனால மேல ரெண்டடி வெட்டி வெளிய கொட்டிருவோம். வெட்டின எடத்துல சலிச்ச செம்மண்ணை நிரப்பி உருளை ஓட்டிரலாம்.”

“வெட்டாண்டாம் சார்” என்றான் முத்துமாலை.

“ஏன்?”

“வெட்டி நெரப்புனாலும் புதுமண்ணு அமுங்கி ஓடையை விடத் தாழ்ந்துரும். மழைக்குத் தண்ணி இங்கன வந்து நின்னுரும். சுடுத குண்டுல உள்ள ஈயமெல்லாம் அதுல ஊறி, ஓடை வழியா கீழ குளத்துக்குல்லா போவும். ஆடு மாடு குடிக்குத தண்ணி.”

காந்திமதிநாதன் ஓடையைப் பார்த்தார். “சரி, அப்பம் என்ன செய்யலாம்னு சொல்லுத?”

“தரையைத் தொடாண்டாம். மேல மண்ணடிச்சு உயத்திருவோம். ஒண்ணரையடி செம்மண்ணு. மேல அறுகம்புல்லு. மேல்காத்து கெளம்பி சாரல் விழுததுக்குள்ள வச்சிட்டா பிடிச்சுக்கிடும். புழுதி பறக்காது. வெயிலுக்குக் கண்ணும் கூசாது சார்.”

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் நியாயமான காரணம்தான். சொல்லாத காரணம் அவன் காலுக்கடியில் கிடந்தது. ஜேசிபி ரெண்டடி வெட்டினால் என்ன வெளியே வரும் என்று அங்கே நின்ற எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

காந்திமதிநாதன் தரிசை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். “நீ சொல்லுதது சரிதான். மேலயே போடு. ஆனா ஒண்ணு. மழையில அடியில கெடக்கிற கல்லு மேல கெளம்பி வரும். எலுமிச்சங்காயை விடப் பெருசா ஒரு கல்லு இருக்கக் கூடாது. மண்ணடிக்குததுக்கு முன்னால ஆளு வச்சுக் கையாலயே பொறுக்கிரு. மிஷின் விட்டா கல்லை உள்ள அமுக்கிரும்.”

முத்துமாலை தலையை ஆட்டினான். அவன் முகம் போன போக்கு எனக்குத்தான் புரிந்தது. வெட்டச் சொல்லியிருந்தால் ஜேசிபி மட்டும் வந்து போயிருக்கும். வெட்டாதே என்று அவன் பிடிவாதமாக நின்றதால் பெண்கள் வந்து குனிய வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் கல் பொறுக்க, களை பிடுங்க என்றால் மாரிக்கண்ணு கூட்டுகிற ஆட்கள்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் பால் வாங்கப் போகும்போது தரிசில் ஆள் நடமாட்டம். முத்துமாலை கடப்பாரையும் கையுமாக அங்கும் இங்கும் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னவே பண்ணுதீரு?”

“அந்தக் கல்ல முந்தி எடுத்துரலாம்னு பாக்கேன். எடம் தெரிய மாட்டேங்கு. நீரு அன்னைக்கு எங்கன நின்னீரு?”

“கொட்டுத மழையில எனக்கு உம்ம முதுகுதான்வே தெரிஞ்சுது.”

“வாகைமரத்துக்குக் கெழக்க நாலஞ்சு எட்டு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“வாகை எங்கன இருக்கு?”

“அதான் இல்லியே” என்று கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

இடையில் ஒரு மார்கழியில் வந்த பெருவெள்ளத்தில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு தரிசுக்குள் புகுந்து போனது. வாகையை வேரோடு இழுத்துப் போய்விட்டது. வண்டலும் மணலும் ஓரிடத்தில் முழங்கால் அளவு, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. மிச்சமிருந்த அடையாளத்தையும் முந்தின வாரம் அவனே உடைமரம் பிடுங்குகிறேன் என்று ஜேசிபி வைத்து அழித்திருந்தான்.

“பேசாம அவகிட்ட சொல்லிரும்வே” என்றேன்.

“எப்படிச் சொல்ல? இத்தன வருசமா வாயைத் திறக்காம இருந்துட்டு, மேல மண்ணடிக்கப் போற நேரத்துலயா சொல்ல?”

“சொன்னா அழுவா. அழட்டுமே. அடுத்த பிள்ளைக்கு ஆகாதுன்னுதான சொல்லாம இருந்தீரு. அடுத்த பிள்ளைதான் வரலியேவே.”

சொல்லியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் வீடு என் கடைக்கு அடுத்த வாசல். அங்கே பேசுவது அடுப்படியில் நிற்கிற எனக்குக் கேட்காமல் இருக்காது. அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரம் பேச்சுக் கேட்டது.

“ஏளா, நாளைக்கு நீ வராண்டாம். கெசியாவை விட்டு ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லு.”

“ஏன், எனக்கு என்ன?”

“வெயிலு.”

“எனக்கு மட்டும் தனியாவா அடிக்கி? மேஸ்திரி பொண்டாட்டி வீட்டுல நெழல்ல இருந்துக்கிட்டு எங்களைக் குனிய விடுதான்னு அவளுவ சொல்ல மாட்டாளுவளா?”

“உடைமுள்ளு கெடக்குட்டி.”

“ஆமா, இன்னைக்குத்தான் முள்ளக் கண்ணால பாக்கேன்.” தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவளே கேட்டாள். “என்னத்த மறைக்கீங்க?”

“ஒண்ணுமில்ல, சோத்த வையி.”

காலையில் அவள்தான் எல்லோருக்கும் முந்தித் தரிசில் நின்றாள். தலையில் துண்டு, கையில் சின்னக் கம்பி, இடுப்பில் கூடை. பெண்கள் ஓடைப்பக்கமிருந்து வரிசை பிடித்துப் பொத்தையைப் பார்த்துக் குனிந்தார்கள். கையால் மண்ணை அளைவது, தட்டுப்பட்ட கல்லைக் கூடையில் போடுவது, பதிந்து கிடந்தால் கம்பியால் நெம்புவது. கூடை நிறைந்தால் ஓடைக்கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ரோடு போடுகிறவன் அந்தக் கல்லை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பொத்தைப் பாறை காய்ந்து அனல் வீசியது. குனிந்த முதுகு நிமிரும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு, அதோடு ஒரு கேலி. முத்துமாலைதான் மண்கரைப் பக்கம் லாரிக்கு வழி காட்டுகிறேன் என்று நின்றுகொண்டு கண்ணை இங்கேயே வைத்திருந்தான். ஒவ்வொரு தடவை யாராவது பெரிய கல்லைத் தூக்கும்போதும் ரெண்டு எட்டு இந்தப் பக்கம் வருவான், திரும்பிப் போவான்.

மத்தியானம் புளியமரத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பழையதும், கொள்ளில் அரைத்த காணத்துவையலும். நான் டீ கேனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“எக்கா, துவையல் மிக்சியில அரைச்சதா?” என்றாள் கெசியா. ஓடைக்கு அந்தப்பக்கத்துத் தெருக்காரி, மாரிக்கண்ணு கூடவே எல்லா வேலைக்கும் வருகிறவள்.

“பின்ன? எங்கம்மா தந்த அம்மி அன்னைக்கே உடஞ்சு போச்சு. பாதியாவது வாசல்ல கெடந்துச்சு. ஒரு மழைக்காலம் பாத்தா அதையும் காணும். எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு இவுக சொன்னாக.”

“உடஞ்ச அம்மிய எவங்க்கா தூக்குவான்? வச்சு என்ன செய்யப் போறான்?”

“அதான் எனக்கும் இன்னைவரைக்கும் தெரியல.”

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த முத்துமாலை பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவள் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளர்களை அடுக்கினேன். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் மனசு வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு நான் ரெண்டாவது டீயோடு போனபோது கெசியா ஒரு இடத்தில் கம்பியை நெம்பிக்கொண்டிருந்தாள். “எக்கா, இங்கன ஒண்ணு அசைய மாட்டேங்கு.” மாரிக்கண்ணு போனாள். வண்டலைக் கையால் ஒதுக்கினாள், விளிம்பு தெரிந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து நெம்பியதும் கல் புரண்டு மல்லாந்தது. ஈரமண் அப்பிய ஓரத்தில் ஏதோ கொத்து வேலை. மாரிக்கண்ணு முந்தானையால் துடைத்தாள். பூ.

கெசியா கூடையைக் கிட்டே தள்ளினாள். “தூக்கிப் போடுங்கக்கா.”

மாரிக்கண்ணு தூக்கவில்லை. அந்தப் பூவின் மேல் கையை வைத்தபடி மண்கரைப் பக்கம் பார்த்தாள். முத்துமாலை லாரியை அப்படியே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். ஓடி வரவில்லை, காலை இழுத்து இழுத்து வந்தான்.

“இது நம்ம வீட்டு அம்மில்லா” என்றாள்.

அவன் கிட்டே வந்து நின்றான்.

“எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னீங்க.”

அவன் அவளுக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் கல் கிடந்த குழியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இங்கனயா?”

தலையை ஆட்டினான்.

“தலை எந்தப் பக்கம்?”

“தெக்க.”

அவள் எழுந்து சுற்றிப் போய்த் தெற்கே உட்கார்ந்தாள். அந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கூப்பாடெல்லாம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. கூட இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். விவரம் புரிந்ததும் எல்லோரும் ஓடைக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து பொறுக்கிக் கொட்டிய கல் அங்கே இடுப்பளவு குவிந்து கிடந்தது. அதில் எது எந்த வீட்டுப் பிள்ளை மேல் கிடந்த கல்லோ. கெசியா தன் கூடையைப் பைய மண்ணில் இறக்கி வைத்தாள்.

கார் சத்தம் கேட்டது. காந்திமதிநாதன் வேலையைப் பார்க்க வந்திருந்தார். நான் போய் வழியிலேயே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

“எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். இந்த எடத்தை விட்டுட்டுச் சுத்தி வேலி போட்டிருவோம். சுடுத வரிசையைத் தள்ளி வச்சுக்கிடுதேன்.”

மாரிக்கண்ணு கண்ணைத் துடைத்தாள். “குண்டு இந்தத் தரையில விழுமா சார்?”

“விழக் கூடாது. இதுக்கு மேலாப்புல போயி அந்தக் கரையில பதியணும். தப்பித் தவறி ஒண்ணு ரெண்டு விழும். மண்ணா இருந்தா வாங்கிக்கிடும்.”

“கல்லு இருந்தா?”

“துள்ளும்மா. ஆளைக் கொன்னுரும்.”

அவள் அந்தப் பூவில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் எடுத்தாள்.

“அப்பம் கல்லை எடுத்துருதேன். வேலி வேண்டாம் சார். என் பிள்ளைக்கு மட்டும் வேலி போட்டா மத்த பிள்ளைங்களுக்கு யாரு போடுவா? அதுக எங்கன கெடக்குன்னு பெத்தவளுவளுக்கே தெரியாது. பூராத்துக்கும் மேல மண்ணைப் போட்டுப் புல்லு வச்சிருங்க. வெட்டாம விட்டாப் போதும்.” சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். முத்துமாலை பக்கம் திரும்பினாள். “வெட்டாண்டாம்னு நீங்க நின்னது இதுக்குத்தானா?”

“வேற எதுக்கு?” என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். பிறகு காந்திமதிநாதனிடம் சொன்னாள். “இன்னொண்ணு சார். குமிச்ச கல்லை ரோட்டுக்கு அனுப்பாண்டாம். அதுமேல லாரி ஏறாண்டாம். ஓடைக்கரையில அடுக்கிருங்க. இனி வெள்ளம் வந்தாலும் தண்ணி உள்ள நொழையாது.”

“அப்படியே செஞ்சிருவோம்” என்றார் அவர். அன்றே ரோட்டுக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பொழுது அடைகிற நேரம் அவள் அம்மித் துண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முத்துமாலை கையை நீட்டினான். “கனமா இருக்கும், குடு.”

“இம்புட்டு நாளும் நீங்க ஒத்தையில சுமந்தது போதும்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவன் அவள் கூடையையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

மிச்ச இடத்தில் அவர்கள் கல் பொறுக்கிய விதமே வேறு. ஒருத்தியும் கல்லை எறியவில்லை, கேலி பேசவில்லை. இரண்டு கையாலும் எடுத்துக் கொண்டுபோய் ஓடைக்கரையில் வரிசையாக அடுக்கினார்கள். செம்மண் அடித்து, வாட்டம் பார்த்து, உருளை ஓட்டி, அறுகம்புல்லை ஒவ்வொரு கணுவாக நட்டது மாரிக்கண்ணு கூட்டம்தான். ஆனி பிறந்து சாரல் விழுந்தது. முத்துமாலை சொன்னபடி புல் பிடித்துக்கொண்டது. இப்போது போய்ப் பார்த்தால் பொத்தையடி வரைக்கும் பச்சையாகக் கிடக்கிறது, எது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முதலாகச் சுட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து நாலைந்து கார் வந்தது. நான் வடையைத் தட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன். மாரிக்கண்ணு நடுவீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுவரோரமாக அந்த அம்மித் துண்டு, கழுவித் துடைத்து, பூ மேலே தெரியும்படி. உடைந்த அம்மி வீட்டுக்குள் ஆகாது என்று ஊரில் ஒருத்தரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

முதல் வெடி கேட்டது. பொத்தையில் பட்டு எதிரொலித்து ஓடை வழியாக ஊருக்குள் வந்தது. அவள் கை நின்றுவிட்டது. ரெண்டாவது வெடிக்கும் அவள் அசையவில்லை. கண்ணை மேற்கே வைத்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன தாயி, பயந்துட்டியா?” என்றேன்.

“இல்லண்ணே” என்றாள். “சத்தத்துக்கு முழிச்சிருவானோன்னு நெனச்சேன்.”

பிறகு கீரையை உருவத் தொடங்கினாள். நான் வடையை வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.